அண்ணாந்து குடித்தவன்

திரையில் உளவாளி எதிரிநாட்டு ரொட்டிக்கடைக்காரனாகவே மாறிப்போயிருந்தான். தாடி, நடை, வசவு எல்லாம் அச்சு அசல். சந்தேகம் தீர்ந்த காவலர்கள் தோளில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்கள். அவனோ தம்ளரைத் தூக்கிப் பிடித்து, உதட்டில் படாமல், அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொண்டான்.

“நம்ம ஊர்ல எவன்டா இப்படிக் குடிக்கிறான்?” என்றான் ஒரு காவலன்.

சுட்டார்கள். குடித்த தண்ணீர் வயிற்று ஓட்டைகள் வழியே பீய்ச்சியடித்தது. தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது.

பூங்கோதை சிரிக்கவில்லை. உளவுத்துறையில் இருந்த அவள் கணவன் கல்யாணமான புதிதில் சொம்பில் வாய் வைத்துத்தான் குடிப்பான். “எச்சில் பண்ணாதீங்க” என்று அவள்தான் சண்டை போட்டுப் போட்டு மாற்றினாள். அப்புறம் வெளிநாட்டு வேலை என்று போனவன் திரும்பவில்லை. மாரடைப்பு என்றார், வீடு தேடி வந்த மேலதிகாரி சதாசிவம். உடலைக் கொண்டுவர வழியில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனுஷனுக்கு அழுதுகொண்டே காப்பி வேறு போட்டுக் கொடுத்தாள்.

படம் முடிந்து பெயர்கள் ஓடின.

“கதை உதவி, ஓய்வுபெற்ற உளவு அதிகாரி சதாசிவம்” என்று மகன் வாய்விட்டுப் படித்தான். “அந்தத் தண்ணி சீன் நெசமாவே நடந்ததாம், அம்மா. பேட்டியில சொன்னாரு. எந்தக் கேனயனோ!”

சிரித்துக்கொண்டே பாட்டிலை நீட்டினான். பழக்கத்தில் அண்ணாந்தவள், பாட்டிலைத் தாழ்த்தி, வாய் வைத்துக் குடித்தாள்.

“என்னம்மா, நீயே எச்சில் பண்றே?”