கடைசி வரிசைச் சூசை

ராணுவக் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மேஜர் தம்புராஜைத்தான் பார்ப்பார்கள். எரியும் டாங்கிக்குள்ளிருந்து மூன்று பேரை இழுத்துப்போட்டு உயிர்விட்டவர் என்று பளிங்கில் பொறித்திருந்தது. உண்மையில் மேஜர் முதல் குண்டிலேயே இறந்துபோயிருந்தார், இழுத்துப்போட்டுச் செத்தவன் சிப்பாய் சூசை. பிழைத்த மூவரில் ஒருவரான ஹவில்தார் அருளப்பன், அதிகாரிகள் எழுதி நீட்டிய சாட்சியத்தில் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டு இருபத்தாறு வருடமாகிறது.

அன்று சூசையின் தங்கை ஜெசிந்தா முதல்முறையாக வந்திருந்தாள். வெறும் பெயரும் எண்ணும் இருந்த கடைசி வரிசைக் கல்லை அருளப்பன்தான் காட்டினார். அவள் அதை முந்தானையால் துடைத்தாள்.

“அண்ணன் ரொம்ப வேதனப்பட்டுச்சாண்ணே?”

“இல்லம்மா. சட்டுனு போயிட்டான்.” அதுவும் பொய்.

“உங்கள எல்லாம் மேஜர் ஐயாதான காப்பாத்துனாரு? எங்கண்ணனையும் தூக்கத்தான் பாத்திருப்பாரு, பாவம், முடியாமப் போச்சு.”

கொண்டுவந்த செவ்வந்தி மாலையைப் பாதியாகப் பிய்த்தாள். ஒரு பாதியைச் சூசைக்கு வைத்துவிட்டு, மறு பாதியோடு பளிங்குக் கல்லறையை நோக்கி நடந்தாள்.

“ஜெசிந்தா,” என்று அருளப்பன் கூப்பிட்டார்.

அவள் நின்று திரும்பினாள்.

“என்னண்ணே?”