அக்கா படகு

போர்க்காலத்தில் இரும்பு கிடைக்காததால் ஒரு சரக்குக் கப்பலை சிமெண்டிலேயே வார்த்துக் கட்டினார்கள். மற்ற கப்பல்கள் அதைக் 'கல்லு' என்று கேலி செய்தன. பவளக்கொடி என்ற இழுவைப் படகு மட்டும் தங்கச்சி என்று கூப்பிட்டது. சிமெண்டுக் கப்பலுக்கு இன்ஜின் கிடையாது. பவளக்கொடிதான் கயிறு கட்டி அதைத் துறைமுகம் துறைமுகமாக இழுத்துப் போகும்.

ஒரு புயலில் சிமெண்டுக் கப்பல் பாறையில் மோதி அடி பிளந்து, பாதி மூழ்கி அங்கேயே சிக்கிக்கொண்டது. பவளக்கொடி மாலுமிகளை ஏற்றிக்கொண்டு கயிற்றை அறுத்தது. "கட்டாயம் திரும்பி வருவேன், தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனது.

போர் முடிந்தது. உடைத்து விற்றாலும் சிமெண்டை வாங்க ஆளில்லை என்று கப்பலை அங்கேயே விட்டுவிட்டார்கள். ஆண்டுதோறும் ஓர் ஆலாப் பறவை அதன் மேல்தளத்தில் முட்டையிட வரும். "என் அக்காவைப் பார்த்தாயா?" என்று கப்பல் கேட்கும். "இல்லையே" என்று ஆலா சொல்லும்.

நான்காம் ஆண்டு ஆலா பார்த்துவிட்டுத்தான் வந்தது. ஒரு கடற்கரையில் பவளக்கொடியைத் துண்டு துண்டாக வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பார்த்தாயா?" என்றது கப்பல்.

"பார்த்தேன். நன்றாக இருக்கிறாள். வேலை அதிகமாம்."

"என்னைப் பற்றிக் கேட்டாளா?"

"கேட்டாள். கயிற்றை அறுத்ததில் உனக்குக் கோபமா என்று கேட்டாள்."

"கோபமே இல்லை என்று சொல்லிவிடு. அன்றைக்கு அறுக்காவிட்டால் அவளும் மூழ்கியிருப்பாள். அவளாவது நன்றாக இருக்கிறாளே."

"சொல்லிவிடுகிறேன்" என்றது ஆலா. அந்தப் பருவம் முடியும்வரை அது கப்பலின் முகம் இருக்கும் முன்பக்கம் வரவேயில்லை.