கோடு வரைக்கும்

ஹிபாவின் குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஷாகிதா, நர்ஸ் வனஜாவின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று புரிந்துகொண்டாள். பூந்தமல்லி வெயிலில் நடந்து வந்தவள், கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

"ஹிபா, போன மாசம் உன்கிட்ட தாய்ப்பால் வாங்கிட்டுப் போனேனே, ரிசல்ட் வந்துடுச்சும்மா. மார்புப் புற்றுநோய்க்கான அறிகுறி அதுல இருக்கு."

ஷாகிதாவின் ஓரகத்தி ஹிபா சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

"அவளுக்குக் கட்டி கிட்டி ஒண்ணும் இல்லியேம்மா?" என்றாள் மாமியார் வஹீதுன்னிசா.

"கட்டி தெரியறதுக்கு முன்னாடியே பால்ல கலந்து வர்ற டி.என்.ஏ. காட்டிக்கொடுத்துடும். அதுக்குத்தானே இந்த ஆராய்ச்சி. திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க, ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணணும்."

ஹிபாவின் அம்மா முப்பத்தெட்டு வயதில் இதே நோயில்தான் போய்ச் சேர்ந்தாள். அதனால்தான் வனஜா வீடு தேடி வந்து, கோடு வரைக்கும் நிரப்பித் தரச் சொல்லி ஒரு குப்பியைக் கொடுத்திருந்தாள். அன்றைக்குக் கைக்குழந்தை வைத்திருந்த ஷாகிதாவிடமும் ஒன்றை நீட்டினாள். "எங்க வம்சத்துல யாருக்கும் அந்தச் சீக்கு கெடையாது" என்று பட்டென்று சொல்லிவிட்டு, பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் கிளம்பிப் போய்விட்டாள் ஷாகிதா.

இப்போது அவளுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. நல்லவேளை, நமக்கு இல்லை. அப்படி நினைத்த தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாகவும் இருந்தது.

"சிஸ்டர், அந்தப் பாலைக் குடிச்ச புள்ளைங்களுக்கு ஏதாவது ஆவுமா?" ஹிபா முதல்முறையாகப் பேசினாள்.

"ஒண்ணும் ஆகாது. பால் வழியா இந்த நோய் ஒட்டாது."

வனஜா போனதும் வஹீதுன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள். "இவளுக்குப் பாலே சரியா இல்ல. ஷாகிதா இஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜுல எடுத்து வெக்கிறதைத்தான் ரெண்டு புள்ளைங்களும் குடிச்சிகினு கீதுங்க. இதுல நோவு வேறயா? இன்னா பொண்ணைக் கட்டிகினு வந்தானோ எம்புள்ள!"

"கொஞ்சம் சும்மா இருங்க மாமி!" ஷாகிதா எரிந்து விழுந்தாள். மாமியார் முணுமுணுத்துக்கொண்டே தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யப் போனாள்.

தூங்கிவிட்ட குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, ஷாகிதா ஹிபாவைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளில் முகம் புதைத்து ஹிபா அழுதாள்.

"அழாதே ஹிபா. ஆரம்பத்துலயே தெரிஞ்சிடுச்சு, வைத்தியம் பண்ணிக்கலாம். உம்புள்ளைக்கு நான் கீறேன். எத்தினி மாசமானாலும் நானே பால் குடுத்து வளப்பேன்."

அதைக் கேட்டதும் ஹிபா அவள் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. அன்னிக்கு எனக்குப் பத்துச் சொட்டுகூட வரலை. மாமி வேற குறுகுறுன்னு பாத்துகினே நின்னாங்க. அசிங்கமாப் போச்சு..."

"அதுக்கு இன்னா இப்போ? வுடு."

"அந்தக் குப்பியில இருந்தது உங்க பால்க்கா."