பவளம் பாடிய பாட்டு

அட்டைப் பெட்டியில் இனிப்புகளை அடுக்கிக்கொண்டே கடைக்கார அம்மாள் வாய்க்குள் ஏதோ பாடினாள். பெட்டியைக் கட்டும் நாடாவைத் தேடிக் குனிந்தபோது பாட்டு பாதியில் நின்றுவிட்டது.

விட்ட இடத்திலிருந்து பவளம் பாடினாள்.

ஷ்யாமளா முதலில் ரேடியோ என்றுதான் நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நின்ற மாமியார். நூல் சேலை, மார்ச் மாதக் குளிருக்கு அதன் மேல் மகனுடைய ஸ்வெட்டர், வாயில் ஜப்பானிய மொழி.

நாமக்கல்லிலிருந்து அமெரிக்காவுக்கு, குபெர்டினோவில் மகன் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியும் பவளம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கோயில், கடற்கரை, பெரிய பாலம் என்று எங்கெங்கோ கூட்டிப்போனார்கள். எல்லாவற்றுக்கும் "நல்லாருக்குது" என்பாள். அதோடு சரி.

ஆபீஸில் யாரோ சொன்னார்கள் என்று பாலசுப்ரமணியன் இன்று அம்மாவையும் மனைவியையும் சான் ஹோசே ஜப்பான்டவுனுக்கு அழைத்து வந்திருந்தான். தலைமுறை தலைமுறையாக ஜப்பானியர்கள் குடியிருக்கும் பழைய தெரு. ஆவி பறக்கும் டோஃபுவைப் பவளத்துக்கு வாங்கிக் கொடுத்தார்கள், உப்பு இல்லை என்றாள். பீங்கான் கடையில் ஒரு கிண்ணத்தை எடுத்து, சுண்டிப் பார்த்து, வைத்துவிட்டாள்.

இப்போது பாடுகிறாள். ஒரு வார்த்தைகூடத் தட்டவில்லை. இரண்டு கைகளும் பள்ளிக்கூடப் பிள்ளையுடையவை போல விலாவோடு ஒட்டியிருந்தன.

கடைக்கார அம்மாள் நாடாவைக் கீழே போட்டுவிட்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். உள்ளே பார்த்துக் குரல் கொடுக்க, மாவுக் கையோடு அவளுடைய கணவர் வந்து நின்றார். பாட்டு முடிந்ததும் பின்னால் வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

பாலசுப்ரமணியனுக்குத் தலைகால் புரியவில்லை. "கேம்கார்டர் கார்ல இருக்கு. ஒரே நிமிஷம், அம்மாவ எங்கேயும் விட்றாத" என்று வெளியே ஓடினான்.

சமையலறையில் தன் அம்மா பாடுகிற பாட்டு இது என்றாள் கடைக்கார அம்மாள், ஆங்கிலத்தில். அம்மா போன பிறகு இன்னொருவர் வாயில் கேட்டதே இல்லையாம். இவர் எங்கே கற்றுக்கொண்டார் என்று ஷ்யாமளாவிடம் கேட்டாள்.

ஷ்யாமளா அதைத் தமிழில் சொன்னாள். அவளுக்கே தெரிந்துகொள்ள ஆசை.

பவளம் இனிப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மலாயாவுல, எஸ்டேட் பள்ளிக்கூடத்துல. ஜப்பான்காரன் வந்தப்புறம் எங்க தமிழ் வாத்தியாரே இதத்தான் சொல்லிக் குடுத்தாரு. ஒருநா காலையில லாரி வந்துச்சு. சயாமுக்கு ரயில் ரோடு போட ஆம்பளைங்கள ஏத்துனாங்க. பொம்பளைங்க அழுவுற சத்தம் கேக்கக் கூடாதுன்னு எங்கள வரிசையா நிக்க வெச்சுப் பாடச் சொன்னாங்க. எங்கப்பாவும் ஏறுனாரு."

பவளம் பெட்டியின் மூடியைத் தடவி நேராக்கினாள்.

"எங்க எஸ்டேட்டுக்கு ஒருத்தரும் திரும்பி வரல."

மாமியார் மலாயாவில் பிறந்தவள், சின்ன வயதில் தாயோடு கப்பலேறி ஊர் வந்தவள் என்பது ஷ்யாமளாவுக்குத் தெரியும். பாலுவின் தாத்தா அங்கே காய்ச்சலில் போய்விட்டார் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். பாலுவுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

கடைக்கார அம்மாள் பதிலுக்காகச் சிரித்த முகமாகக் காத்திருந்தாள். அவளுக்கும் பவளத்தின் வயதுதான் இருக்கும்.

பவளம் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவங்ககிட்ட சொல்லாத சாமளா. அவங்களுக்கு அது அம்மா பாட்டு. அப்படியே இருக்கட்டும்."

ஸ்கூலில் கற்றுக்கொண்டார்களாம் என்று ஷ்யாமளா ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மாளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து பவளத்தின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பவளம் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு பாலசுப்ரமணியன் வந்தான். மூச்சு வாங்கியது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா, அதே மாதிரி இன்னொரு வாட்டி. ஊர்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம்."

ஷ்யாமளா குறுக்கே போய் லென்ஸைக் கையால் மறைத்தாள். "வேண்டாங்க. அத்தைக்கு டயர்டா இருக்கு. கிளம்பலாம்."

அவன் புரியாமல் மனைவியைப் பார்த்தான். அவள் கையை எடுக்கவில்லை.

பவளம்தான் பின்னால் வந்து அவள் தோளைத் தொட்டாள். "தள்ளு கண்ணு. பாடுறேன்."

ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டாள். கைகளை விலாவோடு சேர்த்தாள். கேமராவைப் பார்க்காமல், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தெருவைப் பார்த்து நின்றாள்.

"அன்னைக்கு எல்லாரையும் விட நாந்தான் சத்தமாப் பாடுனேன்" என்றாள், மருமகளுக்கு மட்டும் கேட்கும்படி. "அத்தன பிள்ளைங்க பாடுறப்ப எது என் குரல்னு எங்கப்பாவுக்குத் தெரியணும்ல."