வராத எழுத்து

பிறந்தநாளுக்கென்று அத்தை கொடுத்த பெரிய நோட்டை மகள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வங்கிக் காசாளரின் மகளாயிற்றே. அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"அத்தை, இது கள்ள நோட்டு. நம்பருக்கு முன்னாடி இங்கிலீஷ் 'ஓ' இருக்கு பாருங்க. பூஜ்யத்தோட குழம்பிடும்னு இந்த நோட்டுல அந்த எழுத்தைப் போடவே மாட்டாங்க. அப்பாதான் சொல்லிக் குடுத்தாரு."

அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. சிரிக்க வாய் திறந்த காசாளரும் நோட்டைப் பார்த்ததும் அடங்கிப்போனார்.

"எந்தக் கடைக்காரன் உன் தலையில கட்டினான்?" என்றாள் அவர் மனைவி.

"கடையில வாங்கினது இல்ல அண்ணி. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அண்ணன் குடுத்தது. அண்ணன் கையால குடுத்ததாச்சேன்னு, அந்தக் கஷ்டத்துலயும் மாத்த மனசு வரல." தங்கை அவரைப் பரிவோடு பார்த்தாள். "பாவம், உன்னை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்கண்ணே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாம்மா, ஏதோ அசந்துட்டேன்" என்று முனகினார்.

"அப்பாவாவது அசர்றதாவது" என்று சிரித்தாள் மகள். "தொட்டவுடனே கண்டுபிடிச்சிடுவாரே."

சொல்லி முடித்த பிறகுதான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலை நிமிரவேயில்லை.