பென்ஷனின் ப்ராஜெக்ட்

"அவளுக்கு முட்டை போடுங்க மிஸ்," என்றாள் வகுப்பு லீடர்.

"முட்டையே அதிகம் மிஸ்," என்றாள் பக்கத்தில் நின்ற சுருட்டைமுடிக்காரி.

அறிவியல் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். மேசைமேல் அவர்கள் செய்த கருவி இருந்தது. தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் மணியடிக்கும். பத்தாம் வகுப்பில் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். இந்தக் குழுவின் மூன்றாவது ஆள் பென்ஷன்.

பட்டப்பேர்தான். படிக்கிற வயதிலேயே ஓய்வு பெற்றுவிட்டாள் என்று, இந்த ப்ராஜெக்ட் நடக்கும்போது வந்து ஒட்டிக்கொண்ட பேர்.

"பசை வாங்கிட்டு வாடின்னா வெறுங்கையோட வருவா மிஸ்."

"கேட்டா கடை மூடியிருக்கும்பா. நாங்க போய்ப் பார்த்தா கடைக்காரர் வாசல்ல உட்கார்ந்து பல் குத்திக்கிட்டிருப்பார்."

"மிதவைக்கு பாட்டில் வெட்டச் சொன்னோம். தூங்கிட்டா."

"குறட்டை வேற மிஸ்."

ஒருத்தி மூச்சு வாங்கிய இடத்தில் இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் சமீபத்தில்தான் ஒரு பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். செய்த பொருளைப் பார்த்து மட்டும் மார்க் போடக் கூடாது. என்ன பிரச்சினை வந்தது, என்ன செய்து பார்த்தாய், எது சொதப்பியது, அப்புறம் எதை மாற்றினாய் என்று பிள்ளைகளையே யோசித்துச் சொல்ல வைக்க வேண்டும். பாதி மார்க் அதற்குத்தான்.

காலையிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. "பிரச்சினை, பசை ஒட்டல. தீர்வு, வேற பசை." "பிரச்சினை, நேரமில்ல. தீர்வு, எங்க மாமா செஞ்சு கொடுத்தார்."

அந்த வகையில் இந்த இருவரும் தேவலை. மிதவை முங்கியது, மூடி வழியாகத் தண்ணீர் போவதைக் கண்டுபிடித்தது, மெழுகு ஊற்றி அடைத்தது, மெழுகின் கனத்தில் மிதவை ஒரு பக்கம் சாய்ந்தது என்று கோர்வையாகச் சொன்னார்கள்.

"சரி, ரெண்டு பேரும் வெளியே இருங்க. அவளை வரச் சொல்லுங்க."

பென்ஷன் வந்து நின்றாள்.

"நீ என்னம்மா செஞ்சே?"

"ஒண்ணும் செய்யல மிஸ்."

"சொல்ல வெட்கமா இல்ல?"

"ஆரம்பத்துல இருந்துச்சு மிஸ். போகப் போகப் பழகிடுச்சு."

டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. "இதுல மார்க் இல்லன்னா அறிவியல்ல ஃபெயில். தெரியுமில்ல?"

"தெரியும்." குரல் இறங்கியது. "எனக்கும் அந்தக் கேள்வியெல்லாம் கேளுங்களேன் மிஸ்."

"துரும்பைக் கூடக் கிள்ளிப் போடாதவகிட்ட என்னத்தைக் கேக்கறது? சரி, சொல்லு. என்ன பிரச்சினை?"

"அவங்க ரெண்டு பேரும்தான்."

அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. லீடரும் சுருட்டையும் சின்ன வகுப்பிலிருந்தே ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி திரிந்தவர்கள். லீடர் தேர்தலில் சுருட்டை வேறொருத்திக்கு ஓட்டுப் போட்டது தெரிந்த நாளோடு எல்லாம் முடிந்தது. சீட்டுக் குலுக்கியதில் ஒரே குழுவில் வந்து விழுந்தபோது, இருவரும் தனித்தனியாக வந்து அழுதார்கள். அவள் இருக்கிற குழுவில் நான் இருக்க மாட்டேன் என்று.

டீச்சர் அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தார்.

"நீ என்ன செஞ்சு பார்த்தே?"

"முதல்ல சமாதானம் பேசினேன். என்கூடயும் பேச்சை நிறுத்திட்டாங்க. அப்புறம் தூது போனேன். ஒரே மேசையில உட்கார்ந்துக்கிட்டு, 'அவகிட்ட கத்தரிக்கோல் கேளு', 'தர முடியாதுன்னு சொல்லு'ன்னு என்னை ஓட வெச்சாங்க. அது வேலைக்காகாதுன்னு எனக்கே தெரிஞ்சிருக்கணும். எங்கப்பாவும் பெரியப்பாவும் மாடியும் கீழுமா இருக்காங்க மிஸ். வருஷக்கணக்கா நான்தான் போஸ்ட்மேன். இன்னும் பேசிக்கல."

"அப்புறம்?"

"ஒருநாள் நிஜமாவே பசை வாங்க மறந்துட்டேன். லீடர், 'சரியான சோம்பேறி'ன்னா. சுருட்டை அவ முகத்தைப் பார்த்து, 'கரெக்டாச் சொன்னே'ன்னா. சண்டைக்கு அப்புறம் அவங்க பேசிக்கிட்ட முதல் வார்த்தை அதுதான் மிஸ். அதனால மறுநாளும் மறந்தேன்."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அது தற்செயலா நடந்திருக்கலாம் இல்லையா?"

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு. அதான் ஒருநாள் மாங்கு மாங்குன்னு வேலை செஞ்சு பார்த்தேன். சாயங்காலத்துக்குள்ள மறுபடியும் முட்டிக்கிட்டாங்க. உடனே தூங்கிட்டேன்."

டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வராந்தா படியில் இரண்டு பேரும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். சுருட்டை குறட்டை விட்டுக் காட்டினாள். லீடர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

டீச்சர் பேனாவை எடுத்து மார்க்கை எழுதினார். எட்டிப் பார்த்த பென்ஷனின் முகம் மாறியது.

"இவ்வளவா? எதுக்குன்னு கேப்பாங்களே மிஸ்."

"நான் மூச்சு விட மாட்டேன், போதுமா?"

"போதாது மிஸ்." வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, டீச்சரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள்.

டீச்சர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தார். வராந்தா முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

"இத்தனை வருஷ சர்வீஸ்ல உன்னை மாதிரி ஒரு சோம்பேறியை நான் பார்த்ததே இல்ல. போ வெளியே."