சீசன் இல்லாத மாதம்

"மறுபடியும் அந்த ஒட்டகமா?"

போன் அலறியதும் சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்த மனைவியைப் பார்த்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எரிச்சலோடு கேட்டார்.

"ஆமா, அவனேதான்." அவள் பேசி முடித்துவிட்டுச் சிரித்தபடி வந்து உட்கார்ந்தாள். "அவன் ஊரைச் சுத்திப் பார்க்க அக்டோபர்தான் நல்ல சீசனாம். பாலைவனத்துல வெயில் தணிஞ்சிருக்குமாம். மலையிலயும் பனி விழ ஆரம்பிச்சிருக்காதாம். அவன் ஹோட்டல்லயே பாதி வாடகைக்கு ரூம் தரானாம்."

'ஒட்டகம்' அவளோடு கல்லூரியில் படித்தவன். கழுத்து நீளம் என்பதால் அந்தப் பட்டப்பெயர். பாலைவனம் முடிந்து மலை தொடங்கும் இடத்தில் ஹோட்டல் நடத்துகிறான். இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்தக் கடைசி விஷயம்தான் கடைக்காரரின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

"எதுக்காம் பாதி வாடகை?"

"கூடப் படிச்சவன்ங்க."

"என்கூடப் படிச்சவனும்தான் பல் டாக்டரா இருக்கான். ஒரு பல்லுக்காவது பாதி வாங்கியிருக்கானா?"

"உங்களோட படிச்சவன், உங்களை மாதிரிதானே இருப்பான்?"

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. "அக்டோபர்ல கடையில வேலை இருக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அந்த ஹோட்டலுக்குப் போன் போட்டார்.

"உங்க ஓனர் எந்த மாசம் அங்க இருக்க மாட்டார்?"

எதிர்முனையில் ரிசப்ஷன் பையன் திணறினான். "எந்த மாசம் நல்லா இருக்கும்னுதான் சார் எல்லாரும் கேப்பாங்க..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுப்பா."

"மே மாசம் சார். சீசன் இல்லாததால வெளியூர் போயிடுவார். ஆனா அப்போ மணல்ல கால் வைக்க முடியாது சார்..."

"மே மாசத்துக்கு ரெண்டு பேருக்கு ரூம் போடு. என் பேர்ல போடு, முழு வாடகைக்குப் போடு!"

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மே மாசம் பாலைவனத்துக்கா? புத்தி கித்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? எண்ணெயில போட்ட கடுகு மாதிரி பொரியறதுக்கு நான் வரலை."

"ரூம் போட்டாச்சு."

"அப்போ நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

கடைக்காரர் கணக்குப் போட்டார். அவன் அங்கே இருக்கப் போவதில்லை. இவளும் வரப் போவதில்லை. பின்வாங்கினால்தான் மானம் போகும். எப்படிப் பார்த்தாலும் தனக்கே வெற்றி!

"போறேன். எனக்கென்ன பயமா?"

அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்தாள்.

மே மாதம். உதடு வெடித்து, முகம் கருத்து, சட்டைக்குள் மணல் நறநறக்கக் கடைக்காரர் அந்த ஹோட்டலுக்குள் நுழைந்தார். ரிசப்ஷன் சுவரில் ஹோட்டல் முதலாளியின் பெரிய படம் சிரித்துக்கொண்டிருந்தது. நீளக் கழுத்து. இரண்டே நாளில் மனிதனைச் சுட்டெடுத்துவிடும் ஊரில் இவனுக்கு மட்டும் எப்படி இந்தப் பளபளப்பு என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓனர் இல்லையே?"

"காலையிலதான் ஊருக்குக் கிளம்பினார் சார்."

"ரொம்ப சந்தோஷம்!" தாகத்தையும் மறந்து சிரித்தபடி அடையாள அட்டையை நீட்டினார்.

முகவரியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்த பையன் சட்டென்று நிமிர்ந்தான். அவன் முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, இதே வீட்டு அட்ரஸுக்குத்தானே சார் எங்க ஓனருக்கு உங்க ஊர் ஏர்போர்ட்லேர்ந்து டாக்ஸி புக் பண்ணியிருக்கேன்!"